வங்க அணியை வெல்ல வழி உண்டா?

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி இரவு. ஐதராபாத் கச்சிபௌலி மைதானத்தில் சந்தோஷ் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம். வங்கமும் கேரளமும் மோதின. தொண்ணூறு நிமிடம் முடிந்தும் கோல் விழவில்லை. காயத்துக்காகவும் தாமதத்துக்காகவும் நடுவர் சேர்த்துக் கொடுத்த சில நிமிடங்களில், ராபி ஹன்ஸ்டா என்ற வங்க இளைஞர் பந்தை வலைக்குள் தள்ளினார். ஒன்றுக்குப் பூஜ்யம். வங்க அணி 33-வது தடவையாகக் கோப்பையை வீட்டுக்கு எடுத்துச் சென்றது.

அந்தமானில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வங்காளம் பேசுவோர் நூற்றுக்கு 28 பேர். தமிழர் 15 பேர். மலையாளிகள் 7 பேர். அபர்தீன் பஜாரிலும் ஜங்லிகாட்டிலும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கிறோம். ஒரே ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்காருகிறோம். பந்துப் பேச்சு எழுந்தால் வங்காளி நண்பருக்கு மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் உண்டு. மலையாளி நண்பருக்கு மஞ்சேரி மைதானத்து வெற்றி உண்டு. நாம்தான் மெல்லக் கிரிக்கெட்டுக்குப் பேச்சை மாற்றுகிறோம்.

ஏழு கோடிப் பேரைக் கொண்ட தமிழ்நாடு சந்தோஷ் கோப்பையை இதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை என்பது கசப்பான உண்மை. இது ஏன்? வங்கம் போன்ற ஓர் அணியை மற்றவர்கள் வெல்ல வழிதான் என்ன? உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

மீனும் பந்தும்

சந்தோஷ் கோப்பை 1941-இல் தொடங்கியது. முதல் இறுதி ஆட்டத்திலேயே டில்லியை வென்று கோப்பையைக் கைப்பற்றியது வங்கம்தான். அதன்பின் அது வென்ற பட்டங்களுக்கு அருகில்கூட யாரும் வரவில்லை. இரண்டாம் இடத்தில் இருக்கும் பஞ்சாபின் கணக்கு எட்டு. கேரளத்தின் கணக்கு ஏழு. 1993-94 முதல் 1998-99 வரை தொடர்ந்து ஆறு ஆண்டு வங்கமே சாம்பியன்.

வங்காளிகள் மீன் சாப்பிடுவதால் பந்து அவர்கள் காலில் ஒட்டுகிறது என்று வேடிக்கையாகச் சொல்வோர் உண்டு. அப்படியானால் நாகப்பட்டினமும் கன்னியாகுமரியும் எப்போதோ சாம்பியன் ஆகியிருக்க வேண்டும்!

உண்மைக் காரணம் வேறு. கல்கத்தா லீக் 1898 முதல் நடந்து வருகிறது. அதற்குப் பல டிவிஷன்கள். பேட்டைக்குப் பேட்டை கிளப்புகள். மேல் டிவிஷனில் தோற்றால் கீழே இறங்க வேண்டும். கீழே ஜெயித்தால் மேலே ஏறலாம். ஆகவே பெயர் தெரியாத கிளப்பில் ஆடும் பதினேழு வயதுப் பையனுக்கும் ஒவ்வொரு ஆட்டமும் வாழ்வா சாவா என்ற ஆட்டம்தான். நடுவர் உண்டு, புள்ளிப் பட்டியல் உண்டு, திட்டுவதற்கும் தட்டிக்கொடுப்பதற்கும் கூட்டம் உண்டு. ஒரு வருஷத்தில் இப்படிப் பல ஆட்டங்கள் ஆடியவனும், பள்ளிக்கூட விழாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் மட்டும் ஆடியவனும் ஒரே மைதானத்தில் மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐதராபாத்தில் கோல் போட்ட ராபி ஹன்ஸ்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஐ.எஸ்.எல். கோடீஸ்வர அணியின் நட்சத்திரம் அல்ல. பர்த்தமான் பக்கத்துக் கிராமத்துப் பையன். கல்கத்தா லீக்கில் கஸ்டம்ஸ் அணிக்கு ஆடியவர். அந்த ஒரு சந்தோஷ் கோப்பையில் மட்டும் 12 கோல் போட்டார். சமீப ஆண்டுகளில் கல்கத்தா லீக்கில் இன்னொரு விதியும் வந்திருக்கிறது. களத்தில் இறங்கும் பதினொருவரில் இத்தனை பேர் வங்க மண்ணைச் சேர்ந்தவர்களாக இருந்தே தீர வேண்டும் என்கிறது அந்த விதி. வெளியூர் ஆட்டக்காரர்களால் உள்ளூர்ப் பையன் ஓரத்தில் உட்கார நேர்வதைத் தடுக்க இந்த ஏற்பாடு. இதன் பலன் ஐதராபாத்தில் தெரிந்தது எனலாம்.

கோப்பையோடு திரும்பியவர்களுக்கு மாநில அரசு வேலை அறிவித்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். லீக் ஆட்டம் ஒரு கை. உத்தியோகம் மறு கை. இரண்டும் சேர்ந்துதான் வங்கத்தின் பலம்.

கோட்டையில் விரிசல்

ஆனால் வெல்லவே முடியாத அணி என்று ஒன்று உலகத்தில் கிடையாது. வங்கத்தின் 33 பட்டங்களைப் பிரித்துப் பாருங்கள். 1999 வரை கிடைத்தவை 29. அதன் பிறகு 2024 முடிய கால் நூற்றாண்டில் கிடைத்தவை நான்கே நான்கு: 2009-10, 2010-11, 2016-17, 2024-25. முன்பு சராசரி இரண்டு வருஷத்துக்கு ஒரு பட்டம். பின்பு ஆறு வருஷத்துக்கு ஒன்று.

வங்கத்தில் பந்து விளையாடுவோர் குறைந்துவிட்டார்களா? இல்லை. மற்றவர்கள் வளர்ந்துவிட்டார்கள். அப்படி வளர்ந்தவர்களில் மூவரின் கதை நமக்குப் பாடமாகும்.

முதலாவது, மிசோரம். 2011 கணக்கில் அந்த மாநிலத்தின் ஜனத்தொகை சுமார் 11 லட்சம். மலை நாடு, சமதளமான மைதானம் கிடைப்பதே அரிது. அங்கே 2012-இல் மிசோரம் பிரீமியர் லீக் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். உள்ளூர்க் கேபிள் டி.வி. ஆட்டங்களை ஒளிபரப்பியது. வீட்டுக்கு வீடு பையன்களின் பெயர் பரவியது. இரண்டே ஆண்டு. 2014 மார்ச்சில் ரயில்வேயை 3-0 என்று வீழ்த்தி மிசோரம் சந்தோஷ் கோப்பையை வென்றது. ஆட்டம் நடந்தது எங்கே தெரியுமா? வங்க மண்ணான சிலிகுரியில்! மூன்று ஆண்டு கழித்து ஐஸால் கிளப் ஐ-லீக் பட்டத்தையே தட்டிச் சென்று நாட்டைத் திகைக்க வைத்தது.

இரண்டாவது, சர்வீசஸ் எனப்படும் ராணுவ அணி. அரை நூற்றாண்டுக் காலம் கோப்பையைக் காணாமல் இருந்த இந்த அணி, 2011-12 முதல் 2023-24 வரையில் ஆறு தடவை வென்றது. ராணுவ ஆட்டக்காரனுக்கு அடுத்த மாதச் சம்பளம் வருமா என்ற கவலை இல்லை. பயிற்சியே அவனுக்கு வேலை. ஒருவரோடொருவர் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடுகிறார்கள். போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் கூட்டிச் சேர்த்த அணி அல்ல அது. நட்சத்திரம் ஒருவர்கூட இல்லாமல் பதினொரு பேரும் ஒரே மூச்சில் ஓடுகிற அணி நட்சத்திர அணியை எப்படி மடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மூன்றாவது, கேரளம். 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று வென்று அது முதல் பட்டம் பெற்றது. கேப்டன் மணி மூன்று கோல் போட்டார். அந்த அணிக்குப் பயிற்சியாளர் யார்? தஞ்சாவூரில் பிறந்த ஒலிம்பிக் வீரர் சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவுக்காகக் கோல் போட்டவர். நம் மண்ணின் மைந்தர் அண்டை மாநிலத்துக்கு வழிகாட்டியிருக்கிறார். நாம்தான் வழி தெரியாமல் நிற்கிறோம்!

கேரளம் அத்துடன் ஓயவில்லை. 1984-இல் போலீஸ் இலாகா கால்பந்து அணி அமைத்தது. சத்யன், ஐ.எம். விஜயன், பாப்பச்சன் போன்ற இளைஞர்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. 1990-லும் 1991-லும் அந்தப் போலீஸ் அணி பெரிய கிளப்புகளை எல்லாம் தோற்கடித்துப் பெடரேஷன் கோப்பையை வென்றது. 1992-இல் நம் கோயம்புத்தூரிலேயே நடந்த இறுதி ஆட்டத்தில் கோவாவை 3-0 என்று வென்று கேரளம் மறுபடி சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. மலபார் பக்கம் அறுவடை முடிந்த வயலில் மூங்கில் காலரி கட்டி, டிக்கெட் போட்டு நடத்தும் எழுவர் ஆட்டம் இன்றும் பையன்களுக்குக் கைச்செலவும் தைரியமும் தருகிறது. 2018-இல் கல்கத்தாவிலும் 2022-இல் மஞ்சேரியிலும் இறுதி ஆட்டத்தில் வங்கத்தையே பெனால்டியில் கேரளம் வீழ்த்தியது என்றால், அதன் பின்னால் ஐம்பது வருஷத்து உழைப்பு இருக்கிறது.

இந்த மூவரையும் சேர்த்துப் பார்த்தால் ரகசியம் புலப்படும். பெரிய அணியை இறுதி ஆட்டத்தன்று யாரும் வெல்வதில்லை. ஊர்ப் பையன் ஒரு வருஷத்தில் எத்தனை ஒழுங்கான ஆட்டம் ஆடுகிறான், ஆடி முடித்தபின் அவன் வீட்டில் அடுப்பு எரியுமா — இந்த இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் கிடைத்த இடத்தில்தான் வெற்றி பிறக்கிறது.

நம் வீட்டு நிலவரம்

தமிழ்நாட்டில் ஆள் இல்லையா? நிறைய இருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் தூரந்த் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. அந்தப் பரம எதிரியிடம் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றிக் கோலைப் போட்டவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். கன்னியாகுமரிக் கடற்கரை மீனவக் கிராமங்களிலிருந்து சூசைராஜ் போன்றவர்கள் ஐ.எஸ்.எல். வரை போயிருக்கிறார்கள். காரைக்குடிப் பக்கத்து சிவசக்தி பெங்களூர் அணிக்காகக் கோல் போட்டார். வடசென்னை வியாசர்பாடியின் சந்துகளில் பந்து பழகியவர்கள் பலர் பெரிய அணிகளுக்குப் போயிருக்கிறார்கள். விதை நம்முடையது, அறுவடை பிறருடையது.

நெருங்கி வந்து நழுவவிட்டதும் உண்டு. 2011-12 சந்தோஷ் கோப்பையில் தமிழ்நாடு இறுதி ஆட்டம் வரை வந்தது. கட்டாக்கில் சர்வீசஸ் அணியிடம் 3-2 என்று தோற்றது. ஒரே ஒரு கோல் வித்தியாசம். அன்று கோப்பையைப் பெற்ற சர்வீசஸ் அதற்கப்புறம் 2023-24 வரை ஐந்து தடவை வென்றது. நாம் 2024-25-இல் இறுதிச் சுற்றுக்கு வந்த பன்னிரண்டு அணிகளில் ஒன்றாக இருந்தும் கால் இறுதியை எட்டவில்லை. 2018-19-இல் கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு சென்னை சிட்டி அணி ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளி ஐ-லீக் பட்டம் பெற்றது. ஊரே கொண்டாடியது. சில ஆண்டுகளில் அந்த அணி தேசியப் போட்டிகளிலிருந்தே மறைந்துவிட்டது. அடித்தளம் இல்லாமல் எழுப்பிய மாடி நிற்காது.

அந்த அடித்தளம் ஒரு காலத்தில் இருந்தது என்பது குமாஸ்தா உத்தியோகத்தில் இருக்கும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்தியன் வங்கி, வருமான வரி இலாகா, ஏ.ஜி. ஆபீஸ், கஸ்டம்ஸ், ஐ.சி.எப். என்று ஆபீஸ் அணிகள்தான் சென்னைக் கால்பந்தின் முதுகெலும்பாக இருந்தன. காலையில் பயிற்சி, பத்து மணிக்கு ஆபீஸ், மாலையில் மேட்ச். பந்து நன்றாக ஆடினால் நிரந்தர உத்தியோகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஏழை வீட்டுத் தாய்மார்கள் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பினார்கள். இந்தியன் வங்கி அணி தேசிய லீக்கிலேயே ஆடியது. பிறகு ஆபீஸ்களில் விளையாட்டுக்காக ஆள் எடுப்பது குறைந்தது. அதோடு தாய்மார்களின் நம்பிக்கையும் குறைந்தது. பந்தை எடுத்துக்கொண்டு போகும் மகனைப் பார்த்து "இது சோறு போடுமா?" என்று கேட்கும் தகப்பனை நாம் குறை சொல்ல முடியாது.

பெண்கள் காட்டிய வழி

ஆனால் தமிழ்நாடு பலம் மிக்க ஓர் அணியை வீழ்த்தியே காட்டியிருக்கிறது. அதைச் செய்தவர்கள் நம் பெண்கள்.

ஆண்கள் ஆட்டத்தில் வங்கம் எப்படியோ, பெண்கள் ஆட்டத்தில் மணிப்பூர் அப்படி. தேசியப் பட்டத்தை இருபது தடவைக்கு மேல் வென்ற மாநிலம் அது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் அந்த மணிப்பூரைத் தமிழ்நாட்டுப் பெண்கள் 2-1 என்று தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டு மதுரை சேது அணி மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைப் பெற்றது. 2023-இல் அமிர்தசரஸில் அரியானாவை வென்று தமிழ்நாடு மறுபடியும் தேசிய சாம்பியன்.

இது வானத்திலிருந்து விழுந்த அதிர்ஷ்டம் அல்ல. இதன் வேர் கடலூரில் இருக்கிறது. 2004 டிசம்பர் ஆழிப் பேரலை நம் தீவுகளைச் சூறையாடிய அதே காலையில்தான் கடலூர்க் கரையையும் தாக்கியது. அந்தப் பேரலையில் பெற்றோரையும் வீட்டையும் இழந்த சிறுமிகளும், கூலி வேலை செய்வோரின் பெண்களும் அங்கே பயிற்சியாளர் மாரியப்பனிடம் பந்து பழகினார்கள். வருஷக்கணக்கில் தினந்தோறும் காலையும் மாலையும் பயிற்சி நடந்தது. அங்கே வளர்ந்த இந்துமதி இந்திய அணிக்கு ஆடினார். தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். அந்த ஒரு நியமனம் எத்தனை வீடுகளில் பெண்ணை மைதானத்துக்கு அனுப்பச் சம்மதம் வாங்கித் தந்திருக்கும்!

மணிப்பூர் அதன்பின் சும்மா இருக்கவில்லை. பட்டத்தைத் திரும்பவும் பிடித்துக்கொண்டது. ஒருமுறை வென்றால் போதாது, வென்ற இடத்தில் நிற்கவும் வேண்டும் என்பது இதிலுள்ள பாடம்.

சிறிய தீவு, பெரிய மனசு

இனி நம் தீவுக்கு வருவோம். "நாம் கடல் நடுவில் கிடக்கிறோம், நம்மால் என்ன முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஐஸ்லாந்து என்ற தீவு நாட்டைப் பாருங்கள். 2018-இல் அதன் ஜனத்தொகை சுமார் மூன்றரை லட்சம். நம் அந்தமான் நிக்கோபாருக்கு ஏறத்தாழச் சமம். வருஷத்தில் பாதி நாள் பனியும் இருட்டும். அவர்கள் கூரை போட்ட மைதானங்கள் கட்டினார்கள். சிறு பிள்ளைகளுக்கும் முறையாகத் தேர்ச்சி பெற்ற பயிற்சியாளர்களையே அமர்த்தினார்கள். 2016 ஐரோப்பியப் போட்டியில் இங்கிலாந்தை 2-1 என்று வென்றார்கள். 2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை 1-1 என்று நிறுத்தினார்கள். உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற மிகச் சிறிய நாடு என்ற அவர்களது பெருமையை 2025 நவம்பரில் அதைவிடச் சிறிய கியூராசோ தீவு தட்டிப் பறித்தது.

நம் நாட்டிலேயே லட்சத்தீவு இருக்கிறது. 2011 கணக்கில் அதன் ஜனத்தொகை 65 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. 2017 ஜனவரியில் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையில் இறங்கி, தெலங்கானாவை 1-0 என்று வென்றது.

அவ்வளவு தூரம் போவானேன்? சைக்கிள் பந்தயத்தில் இந்தியாவின் பெயரை உயர்த்தியவர்கள் நம் கார் நிக்கோபார்ப் பிள்ளைகள். டெபோரா ஹெரால்ட் ஆழிப் பேரலையில் உயிர் தப்பிய பெண். ஈசோ ஆல்பன் 2018-இல் உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு குழுப் பந்தயத்தில் தங்கம். முறையான பயிற்சியும், தொடர்ந்து கவனிக்க ஆளும் இருந்தால் தீவுப் பிள்ளைகள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல என்பதற்கு இதுவே அத்தாட்சி. கால்பந்திலும் நிக்கோபார் மக்களுக்குள்ள மோகம் நாம் அறிந்ததே.

ஆகவே இங்கே செய்ய வேண்டியது என்ன? ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில் பெரிய போட்டி ஒன்றை நடத்திக் கோப்பை கொடுத்துவிட்டால் போதாது. மழை ஓய்ந்த மாதங்களில் வாராவாரம் ஆடும் லீக் வேண்டும். கப்பல் செலவு பெரிது. ஆகவே மாயாபந்தர், ரங்கத், ஹட் பே, கச்சால், கார் நிக்கோபார் என்று அந்தந்தத் தீவில் லீக் நடத்தி, வென்றவர்களை மட்டும் நேதாஜி மைதானத்துக்கு வரவழைக்கலாம். பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தனி லீக் வேண்டும். இலாகாக்களும் துறைமுகமும் பெரிய கடைகளும் ஆளுக்கு ஓர் அணியைத் தத்து எடுத்துக்கொள்ளலாம். ஆட்டக்காரனுக்குத் தினக்கூலி இடமாவது கொடுத்தால் அவன் பந்தைக் கைவிட மாட்டான்.

தமிழர் அணி, வங்காளி அணி என்று தனித்தனியே பிரிந்து நிற்க வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கே பிறந்த வங்காளிப் பையனும், ராஞ்சிப் பையனும், கச்சால் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பையனும் ஒரே சட்டை போட்டு ஆடட்டும். அந்த அணி ஒருநாள் வங்கத்தை எதிர்த்து இறங்கினால், பக்கத்து மேஜை வங்காளி நண்பர் யாருக்குக் கைதட்டுவார் என்பதுதான் சுவாரசியம்!

ஓர் ஆட்சேபம்

"ஐ.எஸ்.எல். வந்துவிட்ட காலத்தில் சந்தோஷ் கோப்பைக்கு என்ன மதிப்பு? பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் அதில் ஆடுவதில்லையே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதனால்தான் அது நல்ல அளவுகோல். கோடிக்கணக்கில் பணம் கொடுத்து வெளிநாட்டு ஆட்டக்காரரை வாங்கி அதில் ஜெயிக்க முடியாது. ஒரு மாநிலத்தின் கிராமத்திலும் பேட்டையிலும் என்ன விளைகிறது என்பதை அது அப்படியே காட்டிவிடுகிறது. வயல் எப்படியோ அப்படித்தான் களஞ்சியம்.

தமிழ்நாட்டுக்கும் இதே மருந்துதான். மாவட்டந்தோறும் தடைபடாத லீக். அதில் மேலே வருபவர்களுக்குச் சென்னை லீக்கில் இடம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கப்பட்ட 3 சதவீத இடம் கால்பந்துப் பிள்ளைகளையும் முறையாக எட்ட வேண்டும். மூடிக்கிடக்கும் ஆபீஸ் அணிகள் திரும்ப எழ வேண்டும். இதற்கு ஆண்டுகள் ஆகும். மிசோரத்துக்கு இரண்டு ஆண்டு போதுமானதாக இருந்தது. நமக்குப் பத்து ஆகட்டும். தொடங்காவிட்டால் இன்னும் ஐம்பது ஆண்டு கழித்தும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

அதுவரை நம்மால் ஆகக்கூடிய சிறு காரியம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடியிருப்புக்குப் பக்கத்து மைதானத்தில் பிள்ளைகள் பந்து ஆடும்போது போய் நின்று பாருங்கள். மகனோ மகளோ பந்தைக் கேட்டால் தடுக்காதீர்கள். கல்கத்தாவின் பெரிய கிளப்புகளும் ஒரு காலத்தில் இப்படி ஒரு மைதானத்து ஓரத்தில் நின்ற சில பேரை வைத்துத்தான் ஆரம்பமாயின.